முதல் 11 பேர் மட்டும் போதாது: பகுதி-தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மாற்று வீரர் பலம்

புது தில்லி: லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 2028-ஆம் ஆண்டு நடைபெறவுள்ள ஒலிம்பிக் போட்டியில் ஃபிளாக் ஃபுட்பால் பதக்க விளையாட்டாக முதன்முறையாக இடம்பெறுகிறது. மும்பையில் 2023 அக்டோபரில் நடைபெற்ற சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் கூட்டத்தில், டி20 கிரிக்கெட்டுடன் சேர்த்து இந்த விளையாட்டுக்கும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. கிரிக்கெட்டின் மறுவரவு இந்தியாவில் பெற்ற கவனத்தை ஃபிளாக் ஃபுட்பால் பெறவில்லை. எனினும், அதன் மூல விளையாட்டான அமெரிக்கக் கால்பந்து அமெரிக்காவுக்கு வெளியே எவ்வாறு வேரூன்றும் என்ற பழைய கேள்வியை அந்த முடிவு மீண்டும் எழுப்பியுள்ளது.

புதிய மண்ணில் இந்த விளையாட்டு பரவும்போது முதலில் உருவாவது கோடிகளில் ஊதியம் பெறும் வீரர்களைக் கொண்ட அணி அல்ல. பகலில் வேலை, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம் என இயங்கும் 'செமி-புரோ' எனப்படும் பகுதி-தொழில்முறை அணியே முதலில் உருவாகிறது. அமெரிக்காவிலேயே இத்தகைய அணிகளின் வீரர்கள் பலருக்கு ஊதியம் கிடையாது. காப்பீடு, சீருடை, பயணம் ஆகியவற்றுக்குத் தாங்களே பணம் செலுத்தி விளையாடுவோரும் உண்டு.

இத்தகைய அணிகளை மதிப்பிடும்போது நட்சத்திர வீரர் யார், பந்தை வெகுதொலைவு எறிபவர் யார் என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. ஆனால், ஒரு பருவத்தின் முடிவில் அணி எந்த இடத்தில் இருக்கும் என்பதை, முதல் வரிசை வீரர் வெளியேறும்போது அவரது இடத்தில் இறங்குபவர் யார் என்ற கேள்வியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வெற்றி தோல்வியோடு வீரர்களின் உடல்நலமும் அதில் அடங்கியுள்ளது.

ஓர் அணி, மூன்று படைகள்

களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு 11 பேர் இறங்குகின்றனர். ஆனால், அந்த 11 பேர் ஆட்டம் முழுவதும் ஒரே குழுவினர் அல்லர். பந்து தம்மிடம் இருக்கும்போது விளையாடும் தாக்குதல் பிரிவு, எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் தற்காப்புப் பிரிவு, பந்தை உதைக்கும் சூழல்களில் மட்டும் களமிறங்கும் சிறப்புப் பிரிவு என ஒவ்வோர் அணியும் மூன்று படைகளாக இயங்குகிறது.

தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு 11 பேர், கோல் கம்பங்களை நோக்கி உதைக்கும் கிக்கர், பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பன்ட்டர், அவர்களுக்குப் பந்தைப் பின்னோக்கி எறிந்து கொடுக்கும் லாங் ஸ்னாப்பர் என முதல் வரிசைக்கு மட்டும் 25 பேர் தேவை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மாற்று வீரர் என்றால் எண்ணிக்கை 50 ஆகிறது. அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகளின் பிரதானப் பட்டியலில் 53 பேர் இடம்பெறுவதற்குப் பின்னால் ஏறத்தாழ இந்தக் கணக்கே உள்ளது. இதற்கு மேலும் 16 பேர் வரை கொண்ட பயிற்சிக் குழுவை அந்த அணிகள் வைத்துக்கொள்ள முடிகிறது.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ஒரே வீரர் தாக்குதலிலும் தற்காப்பிலும் ஆடுவதே ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. எண்ணிக்கை வரம்பின்றி வீரர்களை மாற்றலாம் என்ற விதியை என்.எஃப்.எல். 1950-இல் நிரந்தரமாக்கிய பின்னரே தனித்தனிப் பிரிவுகள் நிலைபெற்றன. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 1960-இல் பட்டம் வென்றபோது, தாக்குதலில் சென்டராகவும் தற்காப்பில் லைன்பேக்கராகவும் ஆடிய சக் பெட்னாரிக், அந்தப் பழைய மரபின் கடைசிப் பெரும் பெயராக நினைவுகூரப்படுகிறார்.

தொழில்முறை ஆட்டத்தில் மறைந்துபோன அந்த இருபுற ஆட்டம், பகுதி-தொழில்முறை அணிகளில் இன்றும் தொடர்கிறது. அங்கு அதற்குக் காரணம் மரபு அல்ல, ஆள் பற்றாக்குறை.

பட்டியலில் 45, களத்தில் 31

ஒரு கற்பனைக் கணக்கு இந்தச் சிக்கலை விளக்கும். பதிவுப் பட்டியலில் 45 பேர் உள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். பருவத்தின் நடுவில் ஐந்து பேர் காயத்தில் இருக்கின்றனர். ஆறு பேருக்கு சனிக்கிழமை ஷிப்ட். மூன்று பேர் வெளியூர் ஆட்டத்துக்குப் பயணச் செலவு செய்ய இயலாதவர்கள். ஆட்ட நாளன்று வந்து சேர்பவர்கள் 31 பேர் மட்டுமே.

எண்ணிக்கையளவில் 31 என்பது தாக்குதல், தற்காப்பு ஆகிய இரு பிரிவுகளுக்கும் தேவையான 22-ஐவிட அதிகம். ஆனால், இந்த விளையாட்டில் எல்லோரும் எல்லா இடத்திலும் ஆட முடியாது. தாக்குதல் பிரிவின் முன்வரிசையில் சென்டர், இரு கார்டுகள், இரு டேக்கிள்கள் என ஐந்து கனமான வீரர்கள் தேவை. தற்காப்பின் முன்வரிசைக்கு மூன்று அல்லது நான்கு பேர் தேவை. ஆக, எட்டு அல்லது ஒன்பது பெரிய உடல்வாகு கொண்டவர்கள் இருந்தால்தான் இரு பிரிவுகளின் முதல் வரிசையே நிரம்பும். வந்திருக்கும் 31 பேரில் அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர் மட்டுமே எனில், ஓடுவதற்கும் பந்தைப் பிடிப்பதற்கும் எத்தனை பேர் காத்திருந்தாலும் பயனில்லை.

இந்நிலையில் பயிற்சியாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, லைன்மேன்களை இருபுறமும் ஆடவிடுவது. ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியின் தாக்குதல் பிரிவும் சுமார் 60 முதல் 70 முறை பந்தை ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறது. இருபுறமும் ஆடும் லைன்மேன் 120 முறைக்கு மேல் தன் எடையுள்ள அல்லது தன்னைவிடக் கனமான ஒருவருடன் மோத வேண்டியிருக்கும். நான்காவது கால்பகுதியில் அவர் கால்கள் தளர்வதைப் பயிற்சியால் ஓரளவுதான் தள்ளிப்போட முடியும்.

இரண்டாவது, எடை குறைந்த ஒருவரை முன்வரிசையில் நிறுத்துவது. இதன் விலையை அவர் மட்டுமன்றி, பின்னால் நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் தருகிறார். முன்வரிசையில் ஏற்படும் ஒரு விரிசல், அணியின் மிக முக்கியமான வீரரைக் காயத்துக்கு இட்டுச்செல்கிறது.

மூன்றாவது, இருப்பவர்களுக்கு ஏற்ப வியூகத்தை மாற்றுவது. பந்தை நீண்ட நேரம் கையில் வைத்திராமல் உடனடியாகக் குறுகிய தொலைவுக்கு எறிவது, தற்காப்பில் முன்வரிசையைக் குறைத்து லைன்பேக்கர்களைக் கூட்டுவது, கடிகாரம் ஓடும்படி ஆட்டத்தை மெதுவாக்கி மொத்த மோதல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆகியவை இதில் அடங்கும். ஆள் குறைந்த அணிகளுக்கு மூன்றாவது வழியே ஓரளவு பாதுகாப்பானது. ஆனால், ஆட்ட நாளன்று காலையில் எடுத்த முடிவாக இருந்தால் அது பலிக்காது. வாரங்களுக்கு முன்பே அதற்கான பயிற்சி நடந்திருக்க வேண்டும்.

பணம் படைத்த லீக்குக்கும் விலக்கில்லை

முன்வரிசை ஆழத்தின் முக்கியத்துவத்தை என்.எஃப்.எல். தனது விதியிலேயே பதிவு செய்துள்ளது. ஆட்ட நாளன்று ஓர் அணி 47 பேரைக் களமிறக்கத் தகுதியானவர்களாக அறிவிக்கலாம். அவர்களுள் எட்டுப் பேராவது தாக்குதல் பிரிவு லைன்மேன்களாக இருந்தால் அந்த எண்ணிக்கை 48 ஆகிறது. 2020-இல் வீரர்கள் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் இந்த ஏற்பாடு இடம்பெற்றது. ஐந்து இடங்களுக்கு எட்டுப் பேரை வைத்திருக்கும்படி அணிகளை ஊக்குவிப்பதே இதன் நோக்கம்.

குவார்ட்டர்பேக் இடத்தில் ஆழம் தீர்ந்துபோனால் என்ன நிகழும் என்பதற்கு 2023 ஜனவரி 29-ஆம் தேதி நடந்த ஆட்டம் சான்றாகும். தேசிய கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை எதிர்கொண்ட சான் பிரான்சிஸ்கோ 49-ஏர்ஸ், அந்தப் பருவத்தில் ஏற்கெனவே ட்ரே லான்ஸ், ஜிம்மி கரோப்போலோ ஆகிய இருவரையும் காயத்தால் இழந்திருந்தது. மூன்றாவதாக வந்த பிராக் பர்டிக்கு அன்றைய ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முழங்கையில் காயம் ஏற்பட்டது. நான்காவதாக இறங்கிய ஜோஷ் ஜான்சன் தலையில் அடிபட்டு வெளியேற்றப்பட்டார். பந்தை எறிய இயலாத கையுடன் பர்டி மீண்டும் களத்துக்குத் திரும்ப நேர்ந்தது. ஆட்டம் 31-7 என ஈகிள்ஸ் வசமானது.

அதே ஆண்டு மே மாதம், அவசரகால மூன்றாவது குவார்ட்டர்பேக் ஒருவரை ஆட்ட நாள் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டு வைத்துக்கொள்ள அணிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஒரு தோல்விக்குப் பின் விதியை மாற்றும் வாய்ப்பும் வசதியும் அந்த லீக்குக்கு உண்டு. பகுதி-தொழில்முறை அணிக்கு அத்தகைய வசதி இல்லை. அங்கு இரண்டாவது குவார்ட்டர்பேக் என்பவர் பல சமயங்களில் பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் அந்த இடத்தில் ஆடிய ரிசீவராகவே இருப்பார்.

காயத்தை மறைக்கத் தூண்டும் பற்றாக்குறை

மாற்று வீரர் இல்லாத நிலையின் மிகக் கடுமையான விளைவு மதிப்பெண் பலகையில் தெரிவதில்லை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளானதாகச் சந்தேகிக்கப்படும் வீரரை உடனடியாக வெளியேற்ற வேண்டும், அன்றைய தினம் மீண்டும் களமிறக்கக் கூடாது என்பது இன்று விளையாட்டு மருத்துவத்தில் ஏற்கப்பட்ட நெறி. இந்த நெறியைப் பின்பற்ற மருத்துவ அறிவு மட்டும் போதாது. இருக்கையில் இன்னொருவர் அமர்ந்திருக்கவும் வேண்டும்.

தனக்கு மாற்று யாரும் இல்லை என்று அறிந்த வீரர் தலைச்சுற்றலைச் சொல்லத் தயங்குகிறார். ஆறாவது லைன்மேன் இல்லை என்று அறிந்த பயிற்சியாளர் கேள்வி கேட்கத் தயங்குகிறார். யாரும் பொய் சொல்லாமலேயே ஒரு காயம் மறைக்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் காலை வேலைக்குச் செல்ல வேண்டிய ஒருவருக்கு அதன் பாதிப்பு விளையாட்டோடு முடிவதில்லை. முழங்கால் தசைநார் கிழிந்தால் பல மாத ஊதியமே கேள்விக்குள்ளாகலாம்.

ஆகவே, பகுதி-தொழில்முறை அணியில் மாற்று வீரர் பலம் என்பது வெற்றிக்கான உத்தி மட்டுமல்ல, பாதுகாப்பு ஏற்பாடும் ஆகும். தலைக்கவசம், தோள்கவசம் ஆகியவற்றின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது அது.

ஆறு டாலர் வீரரும் அலமாரி அடுக்கியவரும்

இரண்டாம் வரிசையின் மதிப்பைக் காட்டும் இரு வாழ்க்கைகள் இந்த விளையாட்டின் வரலாற்றில் புகழ்பெற்றவை.

1955-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டு, பருவம் தொடங்கும் முன்பே விடுவிக்கப்பட்டவர் ஜானி யூனிட்டஸ். அதன்பின் கட்டுமானப் பணியில் இருந்துகொண்டே, பிட்ஸ்பர்க் பகுதியின் ப்ளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற பகுதி-தொழில்முறை அணியில் ஆட்டத்துக்கு 6 டாலர் ஊதியத்தில் ஆடினார். குவார்ட்டர்பேக், தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி, பன்ட்டர் என மூன்று பணிகளையும் அவரே ஏற்றிருந்தார். அடுத்த ஆண்டு பால்டிமோர் கோல்ட்ஸ் அணி அவரை மாற்று வீரராகச் சேர்த்தது. முதல் நிலைக் குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷா காயமடைந்தபோது யூனிட்டஸுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் கோல்ட்ஸ் அணி அவரது தலைமையில் பட்டம் வென்றது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1994-இல் எந்த அணியாலும் தேர்வு செய்யப்படாத கர்ட் வார்னர், அயோவா மாகாணத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளில் பொருள்களை அடுக்கும் வேலை பார்த்தார். உள்ளரங்கக் கால்பந்து, ஐரோப்பிய லீக் எனச் சுற்றி வந்து செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் மாற்று வீரரானார். 1999-இல் டிரென்ட் கிரீன் பயிற்சிப் பருவத்திலேயே காயமடைய, வார்னர் பொறுப்பேற்றார். லீக்கின் சிறந்த வீரர் விருதும், சூப்பர் பவுல் பட்டமும் அதே பருவத்தில் வந்து சேர்ந்தன.

இவ்விரு வரலாறுகளும் தனிமனித விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. ஆனால், அணி நிர்வாகத்தின் கோணத்தில் பார்த்தால் அவை வேறொன்றையும் உணர்த்துகின்றன. இரண்டாவது இடத்தில் இருந்தவருக்கு அணியின் ஆட்ட முறை முழுவதும் முன்பே கற்றுத்தரப்பட்டிருந்தது என்பதே அது.

பலத்தை எப்படி அளப்பது?

ஒரு வீரரின் திறனை அளக்க 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு எடையைப் படுத்த நிலையில் எத்தனை முறை தூக்குகிறார் என்பன போன்ற சோதனைகள் தொழில்முறைத் தேர்வுகளில் புகழ்பெற்றவை. பகுதி-தொழில்முறை அணிக்கு இவற்றோடு வேறு சில அளவுகோல்களும் தேவைப்படுகின்றன.

பயிற்சிக்கு வரும் ஒழுங்கு அவற்றுள் முதன்மையானது. வாரம் இருமுறை நடக்கும் பயிற்சியில் ஒன்றுக்கு மட்டும் வரும் வேகமான வீரரைவிட, இரண்டுக்கும் தவறாமல் வரும் நடுத்தர வீரர் முன்வரிசைக்கு அதிகம் பயன்படுவார். ஐந்து லைன்மேன்களும் ஒரே மூச்சில் நகர வேண்டிய ஆட்டத்தில், ஒருவர் எந்தப் பக்கம் அடியெடுத்து வைப்பார் என்பதை அடுத்தவர் அறிந்திருப்பது தனித்திறனைவிட மேலானது.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆடும் ஆற்றல் அடுத்தது. கார்டாகவும் சென்டராகவும் ஆடத் தெரிந்த ஒருவர், பட்டியலில் இரு பெயர்களுக்குச் சமம். ஆனால், ஒரே ஆட்டத்தில் அவரை இரு மடங்கு உழைக்கவைப்பதும், தேவையானபோது இடம் மாற்றுவதும் ஒன்றல்ல. பன்முகத் திறனை ஓய்வில்லா உழைப்பாக மாற்றும் அணி, பருவத்தின் பிற்பாதியில் அந்த வீரரையே இழக்கிறது.

சிறப்புப் பிரிவு மூன்றாவது. புதிதாகச் சேர்ந்தவர்களையும் மாற்று வீரர்களையும் உண்மையான ஆட்டச் சூழலில் பழக்கும் இடம் இதுவே. முதல் வரிசையினரையே இப்பிரிவிலும் இறக்கும் அணிகள், அவர்களைக் களைப்படையச் செய்வதுடன் அடுத்தவரின் அனுபவத்தையும் பறிக்கின்றன.

ஜப்பான் காட்டிய பாதை

அமெரிக்காவுக்கு வெளியே இந்தச் சிக்கலுக்கு நீடித்த விடை கண்ட நாடுகளில் ஜப்பான் குறிப்பிடத்தக்கது. அந்நாட்டின் எக்ஸ் லீக்கில் ஃபுஜித்சு, பானாசோனிக் போன்ற நிறுவனங்களின் பெயரைத் தாங்கிய அணிகள் விளையாடுகின்றன. வீரர்கள் பலர் முழுநேர அலுவலக ஊழியர்கள். நிறுவனமே அணியை நடத்தும் இடங்களில் வேலையும் ஆட்டமும் ஒன்றோடொன்று மோதுவது குறைகிறது.

வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு அங்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடும் கவனிக்கத்தக்கது. சில அமெரிக்க வீரர்களை வரவழைத்து முதல் வரிசையைப் பளபளப்பாக்க முடியும். இரண்டாம் வரிசையை அப்படி வாங்க இயலாது. உள்ளூர் வீரர்களை வளர்ப்பதைத் தவிர அணிகளுக்கு வேறு வழியில்லை. அந்த உள்ளூர் வீரர்களைத் தருபவை பல்கலைக்கழகங்கள். நிறுவன அணிகளின் சாம்பியனும் பல்கலைக்கழகச் சாம்பியனும் ரைஸ் பவுல் என்ற ஆட்டத்தில் மோதும் வழக்கம் 2021 வரை நீடித்தது என்பதே, கல்லூரி ஆட்டம் அங்கு எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

இந்தியாவின் அனுபவம்

இந்தியாவில் 2011-இல் அறிவிக்கப்பட்ட எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா நேர்மாறான திசையிலிருந்து தொடங்கியது. கர்ட் வார்னர், மைக் டிட்கா, நடிகர் மார்க் வால்பெர்க் உள்ளிட்டோர் அதன் முதலீட்டாளர்களாக முன்வந்தனர். முதல் பருவப் போட்டிகள் இலங்கையின் கொழும்பு நகரில் நடத்தப்பட்டு, தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. இறுதி ஆட்டத்தில் புணே மராத்தாஸ் அணி 6-0 என்ற கணக்கில் டெல்லி டிஃபெண்டர்ஸ் அணியை வென்றது.

வீரர்கள் வேறு விளையாட்டுகளிலிருந்து வந்து, குறுகிய காலத்தில் பயிற்றுவிக்கப்பட்டவர்கள். அவர்களது உடல்திறனில் குறையில்லை. ஆனால், அவர்களுக்குப் பின்னால் அடுத்த வரிசையை அனுப்பிவைக்கப் பள்ளிகளோ கல்லூரிகளோ இல்லை. அந்த முயற்சி ஆண்டுதோறும் நடைபெறும் தேசிய லீக்காக நிலைபெறவில்லை. முதலீடு, மைதானம், ரசிகர் ஆர்வம் எனப் பல காரணிகள் இருந்தாலும், அடித்தளமின்றி மேல்தளம் கட்டப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

வேறு விளையாட்டிலிருந்து வருபவர்கள் இங்கு உயர முடியாது என்பதல்ல இதன் பொருள். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிய ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில் 2018-இல் ஈகிள்ஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டார். இன்று அவர் லீக்கின் முன்னணி டேக்கிள்களில் ஒருவர். எனினும், முதல் இரு பருவங்களில் அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. 2020-இல்தான் களம் கண்டார். மல்யுத்தம், கபடி, ரக்பி ஆகியவற்றில் வலுவான உடல்களை உருவாக்கும் நாட்டுக்கு இதில் நம்பிக்கையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. காத்திருக்க இடம் தரும் அணி இருந்தால்தான் அத்தகைய மாற்றம் நிகழும்.

குறைந்த எண்ணிக்கையில் ஒரு தொடக்கம்

இந்தப் பின்னணியில் ஃபிளாக் ஃபுட்பாலின் ஒலிம்பிக் வரவு பொருள் பெறுகிறது. அதில் களத்தில் ஐந்து பேர் மட்டுமே. இடுப்புப் பட்டையிலிருந்து கொடியை உருவுவதே எதிராளியைத் தடுப்பதற்குச் சமம் என்பதால், கனமான லைன்மேன்களோ விலையுயர்ந்த கவசங்களோ தேவையில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் ஆடவர், மகளிர் பிரிவுகளில் தலா ஆறு அணிகள், அணிக்கு 10 பேர் எனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. 50 பேரைத் திரட்ட முடியாத ஒரு கல்லூரி, 10 பேரைத் திரட்ட முடியும்.

ஆறு இடங்களே உள்ள முதல் ஒலிம்பிக்கில் இந்தியா இடம்பெறுவது எளிதல்ல. என்.எஃப்.எல். வீரர்கள் பங்கேற்கவும் 2025 மே மாதம் அணி உரிமையாளர்கள் ஒப்புதல் அளித்துள்ளனர். ஆகவே, பதக்கத்தைக் காட்டிலும் வீரர்களின் தொடர்ச்சியான வரத்தை உருவாக்குவதே இப்போதைக்கு எட்டக்கூடிய இலக்காகும்.

அந்தச் சிறிய வடிவத்திலும் இரண்டாவது குவார்ட்டர்பேக் தேவைப்படுவார். பயிற்சிக்குத் தவறாமல் வருபவர் தேவைப்படுவார். அடிபட்டவரை வெளியே அழைத்துக்கொள்ளத் தயங்காத பயிற்சியாளரும் தேவைப்படுவார். புதிதாக அணி தொடங்குவோர் முதல் ஐவரைத் தேர்ந்தெடுத்த அன்றே அடுத்த ஐவரையும் தேர்ந்தெடுத்து, இருவருக்கும் சம அளவில் பயிற்சி அளிப்பார்களா என்பதைப் பொறுத்தே, கொழும்பில் தொடங்கிய முயற்சிக்கு ஏற்பட்ட நிலை மீண்டும் ஏற்படுமா என்பது தெரியவரும்.